குழந்தை நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதற்கு ஸ்கேன்?

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர இயலாத சிலர் கேட்டுக்கொண்டதால், பேசியதை ஒழுங்குபடுத்தி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்திருப்பதே, பராமரிப்புக் கணக்கில் ரசீது இல்லாத செலவைக் கண்டுபிடித்துச் சண்டை போடும் ஆளாகத்தான். இன்றைக்கு அந்தச் சண்டை இல்லை, பயப்படாதீர்கள்.

போன மாதம் கீழே பூங்காவில் ஒரு அம்மா என் மகளிடம் கேட்டார்கள். "ஆபரேசன் முடிஞ்சு ஏழு வருஷம் ஆச்சேங்க. பாப்பா நல்லா ஓடி ஆடிட்டு இருக்குது. இன்னும் எதுக்குங்க ஸ்கேன் ஸ்கேன்னு அலைக்கழிக்கறீங்க?" அன்பில் கேட்டதுதான், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை ஒரு காலத்தில் நானே கேட்டேன், அதுவும் டாக்டரிடம் குரலை உயர்த்திக் கேட்டேன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை அந்தத் தப்பைச் செய்தேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் பேத்தியை உங்களுக்குத் தெரியும். மகள் வயிற்றுப் பேத்தி, என்னை அப்பிச்சி என்று கூப்பிடுபவள். மழைக்காலத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு லிஃப்டில் வரும் பெண். அவள் பிறந்தபோது மஞ்சள் காமாலை இருந்தது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் சகஜம்தானே, காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று எல்லோரும் சொன்னோம். காட்டினோம். போகவில்லை. மலம் மட்டும் மஞ்சளாக இல்லாமல், சுண்ணாம்பு கலந்த மாவு போல வெளுத்து இருந்தது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும் என்று அதையும் விட்டுவிட்டோம்.

அது பித்தநாள அடைப்பு என்று தெரிய வந்தபோது 80 நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் குடலுக்கு வரும் குழாய் அடைபட்டுவிடுகிற நோய் அது. பித்தநீர் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதையே கெடுத்துவிடும். இதற்கு 1950களில் ஜப்பானைச் சேர்ந்த மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அடைபட்ட குழாயை எடுத்துவிட்டுக் குடலையே மேலே இழுத்துக் கல்லீரலோடு இணைப்பது. அவர் பெயராலேயே அதைக் கசாய் அறுவை என்கிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாங்கள் தாமதித்தோம். அறுவை நடந்தது, பலன் நிற்கவில்லை. குழந்தைக்கு 11 மாதம் ஆனபோது வேறு வழியில்லை, கல்லீரல் மாற்றுதான் என்றார்கள்.

நான் கொடுக்கிறேன் என்றேன். உங்களுக்கு வயசாகிவிட்டது என்றார்கள். என் மகள் கொடுத்தாள். கைக்குழந்தைக்குப் பெரியவர்களின் கல்லீரல் முழுவதும் தேவையில்லை. இடது ஓரத்தில் இருக்கும் பகுதி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும். கொடுத்தவருக்குக் கல்லீரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும், வாங்கிய குழந்தைக்கு அது குழந்தையோடு சேர்ந்து வளரும்.

இப்படிப் பெற்றோர் கொடுக்கும் முறை ரொம்பப் பழையது இல்லை. 1963இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் என்பவர் உலகிலேயே முதல் கல்லீரல் மாற்று அறுவையை ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குச் செய்தார். அந்தக் குழந்தைக்கும் இதே பித்தநாள அடைப்புதான். அறுவை மேசையிலேயே உயிர் போய்விட்டது. 1967இல் அவர் செய்த இன்னொரு குழந்தைதான் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ரஸ்ஸல் ஸ்ட்ராங் என்பவர் ஒரு ஜப்பானியத் தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அவர் மகனுக்கு வைத்தார், அது வெற்றி பெற்றது.

நம் நாட்டில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று நம் தமிழ்நாட்டுக் குழந்தைக்குத்தான். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த, ஒன்றரை வயது தாண்டிய ஆண் குழந்தை. அவனுக்கும் பித்தநாள அடைப்பு. 1998 நவம்பர் 15 அன்று டெல்லி இந்திரப்பிரஸ்தா அப்போலோ மருத்துவமனையில் அவன் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, எம்.பி.பி.எஸ். படித்து, இன்று டாக்டராக இருக்கிறார். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் யாரோ இந்தச் செய்தியைக் காட்டினார்கள். அந்த வாரம் முழுவதும் அதை நினைத்துக்கொண்டுதான் சோறு இறங்கியது.

அறுவை சென்னையில் நடந்தது. விடிய விடிய நடந்து முடிந்தது. தாயும் குழந்தையும் வேறு வேறு ஐ.சி.யூ.வில். அங்கேதான் என் முதல் தப்பு.

அறுவை முடிந்த அன்றே ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கடுத்த நாளும் அப்படியே. மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் தினமும் பில் வாங்கிப் பார்ப்பவன் நான். டாப்ளர் ஸ்கேன், டாப்ளர் ஸ்கேன் என்று வரிசையாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் டாக்டரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, காலையிலதான் பாத்தீங்க. நல்லாயிருக்குன்னு சொன்னீங்க. ரத்த டெஸ்ட்டும் நேத்தைக்கு இன்னிக்கு நல்லாயிருக்குன்னு சொல்றாங்க. பொறவு எதுக்குங்க மறுபடியும்? பில்லு ஏத்தறதுக்கா?"

என் மாப்பிள்ளை தலை குனிந்துவிட்டார். அந்த டாக்டருக்கு என் மகள் வயசுதான் இருக்கும். கோபப்படவில்லை. "ஐயா, காலையில இருந்தது காலையில. இப்ப என்ன இருக்குன்னு இப்பப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இந்த ஸ்கேன் என்ன பார்க்கிறது என்று சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் குடியிருப்புக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. போர் தண்ணீர் ஒன்று, பவானி ஆற்று நல்ல தண்ணீர் ஒன்று. அளவில் பெரியது போர் தண்ணீர், குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். ஆனால் குடிக்க நல்ல தண்ணீர்தான் வேண்டும். கல்லீரலுக்கும் அப்படி இரண்டு ரத்த வரத்து. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் குடலிலிருந்து சத்தோடு ரத்தத்தைக் கொண்டு வருகிறது. வரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுதான். மீதிக் கால் பங்கு, இதயத்திலிருந்து நேராக வரும் தமனி வழியாக. வந்த ரத்தம் வெளியேறக் கல்லீரல் சிரைகள், பித்தநீர் வெளியேறப் பித்தக் குழாய். ஆக உள்ளே வர இரண்டு, வெளியே போக இரண்டு. மாற்றுக் கல்லீரலில் இந்த நான்கையும் புதிதாக வெட்டி ஒட்டித் தைத்திருக்கிறார்கள். எந்த ஜாயிண்ட் எப்போது அடைக்கும், எது ஒழுகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதில் ரொம்ப ஆபத்தானது அந்தச் சின்னத் தமனி. குழந்தைக்கு அது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது பெரியவர்களை விடக் குழந்தைகளிடம்தான் அதிகம். கால் பங்குதானே, மீதி முக்கால் பங்கு வருகிறதே என்று நான் கேட்டேன். மாற்றுக் கல்லீரலில் பித்தக் குழாய்களுக்குச் சோறு போடுவது அந்தத் தமனி ஒன்றுதான். அது அடைத்தால் பித்தக் குழாய்கள் அழுகும், பித்தநீர் கசியும், சீழ் கட்டும், கடைசியில் வைத்த கல்லீரலே போய்விடும். அப்புறம் இன்னொரு கல்லீரல் தேட வேண்டும். பெற்ற தாய் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அடைத்த உடனே குழந்தையின் முகத்தில் ஒன்றும் தெரியாது. காய்ச்சல் வராது. ரத்தப் பரிசோதனையில்கூட எண்கள் ஏறுவதற்கு நேரமாகலாம். எண்கள் ஏறிய பிறகு கண்டுபிடித்தால் கல்லீரல் பாதி கெட்டிருக்கும். எண்கள் ஏறும் முன்பே கண்டுபிடிக்க வேண்டுமென்றால், ரத்தம் ஓடுகிறதா என்று நேராகப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் டாப்ளர்.

ஸ்கேன் என்றால் நமக்குக் கர்ப்பிணிகள் ஞாபகம்தான் வரும். அடிப்படை ஒன்றுதான். நம் காதுக்கு வினாடிக்கு 20 ஆயிரம் அதிர்வுக்கு மேல் கேட்காது. ஸ்கேன் கருவி வினாடிக்குப் பல லட்சம் அதிர்வுள்ள ஒலியை உடம்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. கோவைப் பவுண்டரிகளில் வேலை பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். வார்ப்பின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலியை விட்டுப் பார்ப்பீர்கள் இல்லையா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், அப்படி இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை வைத்துத்தான் முதலில் வயிற்றுக் கட்டிகளைப் பரிசோதித்தார். 1958இல் அவர் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்துதான் இந்த வைத்தியம் பெருகியது.

டாப்ளர் என்பது அதற்கு மேல் ஒரு படி. நம் காரமடை ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு அது தெரியும். மேட்டுப்பாளையம் ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும், நம்மைத் தாண்டிய நொடியில் சத்தம் கனத்துத் தணிந்துவிடும். ஹாரன் ஒன்றுதான், ரயில் வருகிறதா போகிறதா என்பதைப் பொறுத்து நம் காதுக்கு மாறுகிறது. இதை 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய அறிஞர் கணக்குப் போட்டுச் சொன்னார். 1845இல் ஹாலந்தில் ஓடும் ரயிலில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லி அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ரயிலுக்குப் பதில் ரத்த அணுக்களை வைத்துக்கொள்ளுங்கள். எதிரொலி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து, ரத்தம் ஓடுகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கருவி சொல்லிவிடும். படத்தில் சிவப்பும் நீலமுமாகக் காட்டும், ஸ்பீக்கரில் சத்தமாகவும் கேட்கும்.

அந்தச் சத்தம் எனக்குப் பழகிப் போயிருந்தது. தமனி என்றால் "ஷுக், ஷுக்" என்று துடிப்போடு வரும். போர்ட்டல் சிரை என்றால் காற்று வீசுவது போல ஒரே சீராக இருக்கும். அன்று மாலை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். காற்றுச் சத்தம் கேட்டது. "ஷுக், ஷுக்" கேட்கவில்லை. டாக்டர் கருவியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். வழக்கத்தை விட ரொம்ப நேரம் ஆனது. போனில் யாரையோ கூப்பிட்டார். சீனியர் ஒருவர் ஓடி வந்து தானே கருவியை வாங்கிப் பார்த்தார். அப்போதும் கேட்கவில்லை. அன்று காலை கேட்ட சத்தம், மாலையில் இல்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குள் குழந்தையை மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். தமனியின் தையலைப் பிரித்து, உறைந்திருந்த ரத்தக் கட்டியை எடுத்து, மறுபடியும் தைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்ஜன் வெளியே வந்தார். "சீக்கிரம் கண்டுபிடிச்சதால கல்லீரல் தப்பிச்சுதுங்க. நாளைக்குக் காலையில பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார்.

நான் போய் அந்தச் சின்ன டாக்டரைத் தேடினேன். டூட்டி முடிந்து போயிருந்தார். அடுத்த நாள் காலை அவரே மெஷினோடு வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "வழி விடுங்கய்யா, ஸ்கேன் பாக்கணும்" என்றார். அவ்வளவுதான். அன்று சத்தம் கேட்டது.

வங்கியில் 36 வருஷம் நான் என்ன செய்தேன்? சாயங்காலம் கவுண்டர் மூடியதும் கேஷ் டேலி பண்ணினேன். காலையில் பணம் சரியாக இருந்தது என்பதால் மாலையில் எண்ணாமல் பெட்டியைப் பூட்டியது உண்டா? ஐந்து ரூபாய் உதைத்தால்கூட அன்றைக்கே வவுச்சரைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அன்றைக்கே தேடினால் கிடைக்கும், ஒரு வாரம் கழித்துத் தேடினால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில்தான் போட வேண்டும். இந்தப் பாடத்தை அத்தனை வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்தவன், சொந்தப் பேத்திக்கு வந்தபோது பில்லைப் பார்த்தேன்.

பொதுவாகப் பல மையங்களில் முதல் வாரம் தினமும், சில இடங்களில் நாளுக்கு இரண்டு முறையும் இந்த ஸ்கேன் பார்க்கிறார்கள். அப்புறம் இடைவெளி விடுகிறார்கள். எக்ஸ்ரே, சி.டி. போலக் கதிர்வீச்சு கிடையாது. மயக்க ஊசி வேண்டாம். கட்டிலிலேயே பார்த்துவிடலாம். அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது. சந்தேகம் வந்தால் சி.டி. எடுத்து உறுதி செய்வார்கள், அல்லது அவசரம் என்றால் எங்களுக்குச் செய்தது போல நேராகத் திறந்து பார்ப்பார்கள். சில சமயம் தமனி சுருங்கியிருப்பதாலும் சத்தம் சரியாகக் கேட்காது, பொய் எச்சரிக்கையும் உண்டு. பொய் எச்சரிக்கைக்கு ஒரு சி.டி. செலவு. உண்மையான அடைப்பைத் தவறவிட்டால் கல்லீரல் செலவு.

கணக்குப் பிரியர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ரத்தம் ஓடுகிறதா இல்லையா என்பது மட்டும் இல்லை, ஓட்டத்தின் தரத்தையும் ஒரு எண்ணாகச் சொல்கிறார்கள். இதயம் அழுத்தும்போது தமனியில் ரத்தத்தின் உச்ச வேகம் ஒன்று, அடுத்த துடிப்புக்கு முன் குறைந்த வேகம் ஒன்று. உச்சத்திலிருந்து குறைந்ததைக் கழித்து, வந்ததை உச்சத்தால் வகுக்க வேண்டும். உச்சம் 60, குறைந்தது 20 என்றால், 40ஐ 60ஆல் வகுக்க 0.67. இந்த எண் 0.5க்கும் 0.8க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 0.5க்குக் கீழே போய், துடிப்பும் சோம்பலாக ஏறினால், முன்னால் எங்கோ குழாய் குறுகியிருக்கிறது என்று அர்த்தம். முதல் சில நாட்களில் கல்லீரல் வீங்கியிருப்பதால் எண் கூடுதலாக இருப்பது உண்டு, அது தானாக இறங்கும். ஆக ஒரு நாள் எண்ணை விட, நேற்றைக்கு இன்று எப்படி என்பதுதான் முக்கியம்.

அன்றிலிருந்து நான் ஒரு பழைய டைரியை எடுத்து லெட்ஜர் போல நான்கு பத்தி போட்டேன். தேதி, தமனி எண், போர்ட்டல் சிரையின் வேகம், மண்ணீரலின் நீளம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு வரி. டாக்டர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அவர்களே "அப்பிச்சி டைரி எங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இனி இரண்டாவது தப்பு. இது முழுக்க என்னுடையது.

மூன்று வருஷம் ஆனது. குழந்தை நன்றாகச் சாப்பிட்டாள், விளையாடினாள், எல்.கே.ஜி. போனாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப், ஸ்கேன். ஒரு முறை தேதி வந்தபோது வீட்டில் என் தம்பி மகன் கல்யாணம். மகள் கேட்டாள், "அப்பா, சென்னைக்கு டிக்கெட் போடட்டுமா?" நான் சொன்னேன், "குழந்தை நல்லாத்தானே இருக்கு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." கல்யாணம் முடிந்தது. அப்புறம் மாசித் தேர் வந்தது, ரங்கநாதர் கோயிலுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்தார்கள். அப்புறம் பள்ளிக்கூடம். ஐந்து மாதம் தள்ளிப் போய்விட்டது.

போனபோது மண்ணீரல் பத்தியில் அதற்கு முன் 8.2, 8.3 என்று இருந்தது, அன்றைக்கு 9.9 செ.மீ. என்று எழுதினேன். கை நடுங்கியது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. போர்ட்டல் சிரை தையல் போட்ட இடத்தில் குறுகிப் போயிருந்தது. அந்த இடத்தில் மட்டும் ரத்தம் பீய்ச்சியடிப்பது போல வேகமாகப் போனது. ஹோஸ் பைப்பை விரலால் அழுத்தினால் தண்ணீர் எப்படிப் போகும், அப்படி. உள்ளே போக முடியாத ரத்தம் பின்னால் தேங்கி மண்ணீரல் வீங்கியிருக்கிறது. இதை இன்னும் விட்டிருந்தால் உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்து, ஒரு நாள் ரத்த வாந்தியாகத்தான் முதல் அறிகுறி வந்திருக்கும் என்றார்கள். பித்தநாள அடைப்பு உள்ள குழந்தைகளுக்கு அந்தச் சிரை ஏற்கெனவே சிறுத்திருப்பதால் இந்தச் சிக்கல் வரலாம், மாதங்கள் வருஷங்கள் கழித்தும் வரலாம்.

நல்ல வேளை, மறுபடி வயிற்றைத் திறக்கவில்லை. மெல்லிய குழாய் வழியாக பலூனை உள்ளே விட்டு, குறுகிய இடத்தை விரித்துவிட்டார்கள். அதற்கும் ஸ்கேன்தான் வழி காட்டியது. ஒரு வருஷத்தில் மண்ணீரல் மெல்ல இறங்கியது. டைரியில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயிற்றில் வெட்டுத் தழும்போடு இருக்கிற பெண் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை.

இன்னும் என்னென்ன பார்க்கிறது இந்த ஸ்கேன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகளில் ஓட்டம் அலை அலையாக இருக்க வேண்டும். அது தட்டையாகப் போனால் வெளியேறும் வழி நெருக்கப்படுகிறதோ என்று சந்தேகம். பித்தக் குழாய் விரிந்திருந்தால் கீழே அடைப்போ என்று பார்ப்பார்கள். கல்லீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தால் அது ரத்தமா, பித்தநீரா என்று பார்த்து, தேவையானால் ஸ்கேன் பார்த்தபடியே ஊசி போட்டு எடுப்பார்கள். படம் தெளிவில்லாத சமயத்தில் நுண்ணிய வாயுக் குமிழிகள் கலந்த மருந்தை ரத்தத்தில் செலுத்திப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2016இல் குழந்தைகளின் கல்லீரலுக்கும் அதை அனுமதித்தார்கள்.

ஆனால் ஸ்கேனுக்கும் எல்லை உண்டு. புதுக் கல்லீரலை உடம்பு அந்நியம் என்று நினைத்துத் தாக்குவதை நிராகரிப்பு என்கிறார்கள். அதை ஸ்கேனில் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பதும்தான் வழி. ஆகவே ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை விடக் கூடாது. ரத்தம் நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனையும் விடக் கூடாது. பாஸ்புக்கும் பார்க்க வேண்டும், பெட்டியில் இருக்கும் பணத்தையும் எண்ண வேண்டும்.

நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்களிடம் நான் கேட்பது நான்கு விஷயம்.

ஒன்று, உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ பிறந்த குழந்தைக்கு 14 நாள் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால் வெயிலை நம்பி உட்காராதீர்கள். மலம் வெளுத்திருக்கிறதா, சிறுநீர் கரும்மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை டாக்டரிடம் போய், பிலிரூபினைப் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். 60 நாள் என்ற கெடுவை மறக்காதீர்கள்.

இரண்டு, யார் வீட்டிலாவது உறுப்பு மாற்று செய்த குழந்தை இருந்தால், "இன்னும் ஸ்கேனா, இன்னும் மாத்திரையா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கேட்கக் கேட்கப் பெற்றவர்களுக்கே ஒரு நாள் தள்ளிப் போடலாமே என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றியது. "செக்கப் தேதி எப்பங்க?" என்று கேளுங்கள், அது உதவி.

மூன்று, நம் பிளாக்கில் எந்தக் குழந்தைக்காவது அம்மையோ தட்டம்மையோ வந்தால், கூச்சப்படாமல் அன்றைக்கே எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடும் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. உடனே தெரிந்தால் டாக்டரிடம் கேட்டுத் தடுப்பு மருந்து வாங்கிவிடலாம்.

நான்கு, செலவை நினைத்து யாரும் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று இடம் பெற்றிருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இந்த அறுவையைச் செய்திருக்கிறார்கள். கோவையிலும் கல்லீரல் மாற்று மையங்கள் உண்டு. தகுதி, காகிதம் பற்றிச் சந்தேகம் என்றால் என்னிடம் வாருங்கள். படிவம் நிரப்புவது எனக்குத் தெரிந்த தொழில். அதோடு, உறுப்புக் கொடையைப் பற்றி வீட்டில் பேசி வையுங்கள். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்தான் அதற்கான வரிசையைப் பார்த்துக்கொள்கிறது. எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கப் பொருந்துகிற அம்மா இருப்பதில்லை.

பேத்திக்கு அடுத்த ஸ்கேன் வரும் 12ஆம் தேதி. அவளுக்கு அதில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், வயிற்றில் தடவும் அந்தச் சில்லென்ற ஜெல். "அப்பிச்சி, அவுங்கள சூடு பண்ணித் தடவச் சொல்லு" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்த வாரத் தணிக்கைக்கு நான் இருக்க மாட்டேன். பொருளாளர் ரசீதுகளை எடுத்து வைக்கவும், வந்து பார்த்துக்கொள்கிறேன்.